மூலப்பத்திரம் இல்லாத ஓர் ஓவியம்!

தருமபுரியிலிருந்து பஸ் ஏறி சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு மனுவோடு வருகிறவர்கள்தான். பட்டா பெயர் மாற்றம், ஏரி ஆக்கிரமிப்பு, பணியிட மாறுதல் என ஏதோ ஒன்று. தலைமைச் செயலகத்தில் வேலை முடிந்ததும் ஊர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அதே கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தை எட்டிப்பார்க்க நேரம் இருப்பதில்லை.

1680-ம் ஆண்டு அக்டோபர் 28 அன்று திறக்கப்பட்ட ஆலயம் அது. பீடத்துக்கு மேலே பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. இயேசு, கைதான அதே இரவில், கைதாவதற்குச் சற்று முன் தன் 12 சீடர்களோடு சாப்பிட உட்கார்ந்த காட்சி. சேர்ந்து சாப்பிடுகிறவர்களில் ஒருவரே அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற இரவு.

இதே காட்சியை இத்தாலிய ஓவியர் டியெபோலோ 1740-களில் வரைந்தார். பரோக் பாணியின் கடைசிக் காலத்துப் படைப்பான அது, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அவர் பெயரோடு இருக்கிறது. கோட்டை ஓவியத்துக்கு வரைந்தவர் பெயர் கிடையாது. ரஃபேல் வழிவந்தவர்கள் வரைந்தது என்பார்கள். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்து வந்தது என்றும் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது.

அந்த முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. ஊருக்குள் சாப்பாட்டுக்கே வழியில்லாத நிலையில்தான் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். பிறகு அந்த நகரமே இடித்துத் தள்ளப்பட்டது. சொல்லப்படும் கதை உண்மையென்றால், பட்டினி கிடந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது இந்த விருந்துக் காட்சி.

இதே ஆலயத்தில்தான் தாமஸ் மன்றோவின் உடலும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. தருமபுரிக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போருக்குப் பிறகு, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகள் அடங்கிய பாராமகால், கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனது. அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்தான் மன்றோ. சில வருடங்கள் தருமபுரியிலேயே குடியிருந்தார். வயல் வயலாக அளந்து, விவசாயியிடமே நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் ரயத்துவாரி முறை அங்கேதான் உருவெடுத்தது. பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான அவர், 1827-ல் சுற்றுப்பயணத்தின்போது காலராவில் இறந்தார்.

பாராமகாலும் போரில் கைமாறியது. இந்த ஓவியமும் போரில் கைமாறியது என்கிறார்கள். நிலத்துக்கு மட்டும் எவ்வளவு பரப்பு, யார் பயிரிடுகிறார், எவ்வளவு தீர்வை என்று கணக்கு எழுதினார்கள். ஓவியத்துக்குக் கிடைப்பதோ வாய்வழிச் செய்திதான்.

கால் ஏக்கர் வாங்குவதென்றாலும் மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்கிற ஊர் தருமபுரி. அந்தக் கண்ணோடு பார்த்தால், இந்த ஓவியத்துக்கு இருப்பது இரண்டரை நூற்றாண்டு அனுபவ பாத்தியம் மட்டுமே. அதன் முன் இன்று மண்டியிடுகிறவர்கள் யாரும் எதையும் கொள்ளையடித்தவர்கள் இல்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்த பிரார்த்தனைக்கும் ஓர் உரிமை உண்டு. ஆனால், இது யார் வீட்டுச் சொத்தாக இருந்தது என்று கேட்கிற உரிமை பாண்டிச்சேரிக்கும் உண்டு. ஓவியத்தின் பக்கத்தில் அந்த ஊரின் கதையையும் நான்கு வரி எழுதிவைத்தால், பிரார்த்தனைக்கு ஒரு குறையும் வந்துவிடாது!