பளபளப்பை யார் துடைப்பது?

மென்பொருள் துறையில் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். அங்கே யாராவது ‘இது லோ மெயின்டனன்ஸ்’ என்று சொன்னால் எனக்குள் எழும் முதல் கேள்வி, ‘யாருக்கு?’ என்பதுதான். நமக்கு வேலை குறைந்தால் அந்த வேலை காணாமல் போய்விடுவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனை எடுக்கிற வேறு யாரிடமோ அது போய்ச் சேர்ந்திருக்கும். அதே கேள்வியை ஒரு காரின் இன்ஜின் பாகங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு கேட்க வேண்டி வந்தது.

கார் என் பெரியப்பாவுடையது. 1986 அம்பாசிடர், மார்க் 4. கோவையில் முப்பது வருடம் வாடகைக்கு ஓட்டினார். இப்போது எழுபத்தாறு வயது, வலது கையில் நடுக்கம், அதிக நேரம் குனிந்து நிற்க முடியாது. வண்டியை ஓட்டுவதில்லை. ஞாயிறு காலையில் பானட்டைத் திறந்து வைத்து, ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் சத்தத்தைக் கேட்பார். அவ்வளவுதான்.

அந்த இன்ஜின் 1489 சிசி, பிரிட்டனின் பி-சீரீஸ் குடும்பம். 1955இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின்தான், ஆனால் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரோடு. பெரியப்பாவுக்கு இது தெரியும். ‘ரெட்டை கார்ப்’ என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. அவருடைய பையனும் நானும் சேர்ந்து இன்ஜினைப் பிரித்து வேலை செய்தபோது அதையும் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். கோவையில் ஃபவுண்டரிக்கா பஞ்சம்! இன்டேக் மேனிஃபோல்டும் ராக்கர் கவரும் அலுமினியத்தில் வார்த்து வந்தன. எக்ஸாஸ்ட் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்து வாங்கினோம். இரண்டு மூன்று எம்எஸ் பிராக்கெட். எல்லாம் பச்சையாக, சாம்பல் நிறத்தில், மணல் அச்சின் சொரசொரப்போடு இருந்தன. மேலே என்ன பூசுவது?

“குரோம் போட்டுரு கண்ணு. கல்யாண வண்டி பம்பராட்டம் மின்னோணும்” என்றார் பெரியப்பா.

குரோம் என்றால் துடைத்தால் போதும், தேய்க்க வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. நாம் குரோம் என்று பார்ப்பதில் குரோமியம் மிகக் கொஞ்சம். அடியில் நிக்கல் பத்து இருபது மைக்ரான் இருக்கும். குரோமியம் அதன்மேல் அரை மைக்ரான்கூட இருக்காது. தலைமுடி சுமார் எழுபது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். பளபளப்பைத் தருவது நிக்கல், அது மங்காமல் காப்பது மேலே உள்ள அந்த மெல்லிய படலம். படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. ஈரமும் உப்பும் உள்ளே போய், நிக்கலிலும் ஓட்டை கிடைத்துவிட்டால் அடியிலுள்ள உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். கடலோரச் சென்னையில் பழைய பைக்குகளின் சைலன்ஸரில் பொரிப்பொரியாகத் தெரிவது அதுதான். அலுமினியத்தின் மேல் இன்னும் சிக்கல். முதலில் துத்தநாகக் குளியல், பிறகு செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோம். ஒரு படியில் பிசகினாலும் தோல் உரிவதுபோல உரியும்.

இருந்தாலும் பெரியவர் ஆசைப்படுகிறாரே என்று ஒரு பிளேட்டிங் பட்டறைக்குப் போனேன். தொட்டியிலிருந்து ஆரஞ்சு நிறத் திரவம் நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். “எத்தனை வருசமாங்ணா?” என்றேன். “இருவது இருக்கும் தம்பி. மூக்குல வாசமே தெரியாது இப்ப. பழகிப்போச்சு” என்றார்.

அது பழக்கமாக மட்டும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், ஹெக்ஸாவேலன்ட் என்பார்கள். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருள். அதன் ஆவித்துளிகளை வருடக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரே துளைபட்டுப்போகும் என்பது தொழில் மருத்துவத்தில் பழைய செய்தி. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. அங்கே நிலத்தடி நீர் கெட்டது. அது பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலுக்காக நடந்த ஆலை. என் ராக்கர் கவருக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் பொருள் அதே பொருள். கலிஃபோர்னியா 2023இல் கொண்டுவந்த விதி, அலங்கார முலாமில் இந்தக் குரோமியத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொல்கிறது. மூன்று இணைதிறன் குரோமியத்தை வைத்தும் முலாம் போடலாம், ஆபத்து வெகுவாகக் குறைவு. நான் போன பட்டறையில் அது இல்லை.

பெரியப்பா துடைக்காமல் இருப்பதற்காக, வாசம் தெரியாத ஒருவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ‘யாருக்கு?’ என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் எனக்கு ஆபீஸில் கிடைத்ததில்லை. பாகங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது, எதுவும் பூசாமல் அலுமினியத்தையே பாலீஷ் செய்வது. குரோமைவிட மென்மையான வெள்ளை மினுக்கம் வரும். வீட்டுப் பித்தளை விளக்கைப் புளிபோட்டு விளக்குகிற மாதிரிதான். வெள்ளிக்கிழமை மின்னும், அடுத்த வெள்ளிக்குள் மங்கும். பெரியப்பாவால் ஆகாது.

அனோடைசிங் எனக்கு மிகவும் பிடித்த முறை. மேலே எதையும் ஒட்டுவதில்லை. கந்தக அமிலத்தில் மின்சாரம் செலுத்தி, அலுமினியம் தன்னிலிருந்தே ஓர் ஆக்ஸைடு தோலை வளர்த்துக்கொள்ளச் செய்கிறோம். அதனால் உரியாது. துளைகளில் சாயம் ஏற்றிச் சுடுநீரில் மூடலாம். ஆனால் வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் அதிகம். அச்சில் நன்றாக ஓடவேண்டுமென்றே சேர்ப்பது. எல்எம்6 என்ற கலவையில் 10 முதல் 13 சதவீதம். அந்தச் சிலிக்கான் அனோடைஸ் ஆகாது. திட்டுத்திட்டாகக் கரும்சாம்பல் நிறம்தான் மிஞ்சும். பில்லெட்டில் கடைந்த பாகமாக இருந்தால் யோசிக்கலாம்.

கடைசியில் பவுடர் கோட்டிங். வீட்டு கிரில் கதவுக்கும் ஸ்டீல் பீரோவுக்கும் போடுவதேதான். காய்ந்த தூளை மின்னேற்றித் தூவி, 180, 200 டிகிரி அடுப்பில் வைத்தால் உருகி ஒரே தோலாகிவிடும். ராக்கர் கவர் பார்க்கும் சூடு அதைவிட வெகு குறைவு. எண்ணெய் பட்டால் ஈரத் துணியால் ஒரு இழுப்பு போதும். கவனிக்க வேண்டியவை மூன்று. வார்ப்பின் துளைகளில் காற்று இருக்கும், அடுப்பில் கொப்புளித்து ஊசிமுனை ஓட்டை விடும். ஆகவே பூசுவதற்கு முன்பே ஒருமுறை வெறுமனே சுட்டு எடுக்க வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகங்களிலும் மரையிலும் தூள் படாமல் டேப் ஒட்ட வேண்டும். எர்த் பிடிக்கிற இடத்தை விட்டுவிட வேண்டும், பவுடர் மின்சாரம் கடத்தாது.

எல்லாவற்றுக்கும் பவுடர் என்று போய்விடவும் முடியாது. எக்ஸாஸ்ட் பல நூறு டிகிரிக்குப் போகும், பவுடர் கருகிவிடும். அதற்கு செராமிக் பூச்சு. இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம் இருப்பதால் நடுவில் ஒரு வெப்பத் தகடும் வைத்தோம். இறுக்கிப் பிடிக்கிற பிராக்கெட்டில் தடித்த பூச்சு நாளடைவில் நசுங்கி போல்ட் தளரும். அங்கே துத்தநாக முலாம், மூன்று இணைதிறன் பாஸிவேஷனோடு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும்.

பெரியப்பாவிடம் குரோம் இல்லை என்று சொல்லவேண்டிய நாள் வந்தது. தொட்டியைப் பற்றியும் அந்த அண்ணனின் மூக்கைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படின்னா வேண்டாம் கண்ணு. ஆனா தொடைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத வண்டிய வச்சுட்டு நான் என்ன பண்றது?” என்றார்.

நான் யோசித்திருந்தது அவருடைய முதுகையும் கையையும்தான். ஞாயிற்றுக்கிழமையை அவர்தான் யோசித்தார்.

ராக்கர் கவரில் அவர் பெயர் தமிழில் புடைப்பெழுத்தாக வார்க்கப்பட்டிருந்தது. கறுப்பு பவுடர் பூசி முடித்தபின் எழுத்துகளின் மேல்முகத்தை மட்டும் எமரி போட்டு வெறும் அலுமினியமாக விட்டோம். அது மங்கும், தேய்க்க வேண்டும். கவரைப் பிடித்திருப்பது இரண்டே நட். கழற்றிக் கொடுத்தால் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தேய்க்கலாம்.

“கை தானா ஆடிட்டே இருக்குது. தேய்க்கறதுக்கு வேற என்ன வேணும்?” என்று சிரிக்கிறார். அடிக்கடி கழற்றினால் கேஸ்கெட் போகும். நான்கைந்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.