மிச்சமிருந்த சிப்பாய்

ரிஷிவந்தியத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் நாங்கள் மூவரும் பெரிய ஆட்டக்காரர்கள் அல்லர். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது எழுந்த ஆர்வத்தில், இரண்டு அட்டைப் பலகைகளோடு தொடங்கினோம். கடிகாரம் வாங்கவில்லை. எங்கள் ஊரில் ஆட்டம் இருட்டினால்தான் முடியும்.

சென்ற ஆண்டு, சிறுவர் போட்டியொன்றின் மின்னல்வேகப் பிரிவுக்குப் பதினொரு வயதுப் பையன் ஒருவனை அழைத்துச் சென்றோம். ஆளுக்கு ஐந்து நிமிடம். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்பதைக்கூட அவன் அங்கேதான் அறிந்தான். ஆயினும் நன்றாகவே ஆடினான். இறுதியில் அவனிடம் ராணியும் யானையும். எதிராளிச் சிறுவனிடம் ராஜாவும், ஓரத்தில் ஒரு சிப்பாயும் மட்டும். ராஜாவைத் துரத்திக்கொண்டிருக்கையிலேயே இவனுடைய நேரம் தீர்ந்துபோயிற்று. நடுவர் பலகையைப் பார்த்தார். தோல்வி.

எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் எஞ்சியிருந்தால், நேரம் தீர்ந்தாலும் ஆட்டம் சமன். சிப்பாய் இருந்தால், அது ராணியாகக்கூடும் என்பதால் வெற்றி அவனுக்கு. இவ்விதி எங்களுக்குத் தெரியும். அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"ராணி எங்கிட்டதானண்ணா இருந்துச்சு?" என்று பேருந்தில் கேட்டான். பிழை எங்களுடையது என்று சொல்ல ஊர் வரும்வரை எங்களுக்குத் துணிவு வரவில்லை.

சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்தை அன்று நினைத்துக்கொண்டோம். மானுவேல் ஆரோன் 1972இல் தொடங்கியது அது. அங்கே வென்றவர் பலகையில் நீடிப்பார். தோற்றவர் எழுந்து வரிசைக்குப் போவார். அத்தகைய ஆட்டங்களில் பழகிய விஸ்வநாதன் ஆனந்த்தான் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். வேகம் பிறவியிலேயே வாய்க்கும் வரம் என்று நினைத்திருந்தோம். அதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. ஒரு கடிகாரமும், விதிகளைச் சொல்லித்தர ஆளும் வேண்டியிருக்கிறார்கள்.

மறுநாள் மாலை அவனிடம் விதியைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டோம். அவன் பதில் பேசாமல் காய்களை அடுக்கினான். இப்போது மூவரும் பணம் போட்டு வாங்கிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. வெல்லும் நிலையில் நேரம் குறைந்தால் அவன் ராஜாவைத் துரத்துவதில்லை. முதலில் சிப்பாயைத் தேடுகிறான்.