டேப்லெட்டா, சார்ட்பிளாட்டரா? ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். குளத்துக்குச் சொன்ன பழமொழி அது. ஆனால் கடலுக்கு இன்னும் நூறு மடங்கு பொருந்தும். குளத்தில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடலாம். கடலில்? வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும்.

முன்பெல்லாம் அந்த வரைபடம் காகிதத்தில் இருந்தது. இப்போது திரைக்குப் போய்விட்டது. அமெரிக்க அரசின் கடல் வரைபடத் துறை, பழைய வகைக் காகித வரைபடங்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து, 2025 ஜனவரி வாக்கில் நிறுத்தியே விட்டது. சரி, திரை என்று முடிவாகிவிட்டது. எந்தத் திரை? இங்கேதான் சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்குள் ஓயாத சண்டை!

ஒரு கட்சி, 'கையில்தான் டேப்லெட் இருக்கிறதே, அதில் ஒரு மென்பொருளை இறக்கினால் போதாதா?' என்று கேட்கிறது. இன்னொரு கட்சி, 'படகுக்கென்றே செய்த சார்ட்பிளாட்டர் இல்லாமல் கடலுக்குப் போகாதே' என்கிறது. சார்ட்பிளாட்டர் என்றால் வேறொன்றுமில்லை. செயற்கைக்கோள் வழியாகப் படகு நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதைக் கடல் வரைபடத்தின் மேல் காட்டிக்கொண்டே இருக்கும் கருவி. சுக்கான் பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்தியிருப்பார்கள்.

முதலில் டேப்லெட்டின் பக்கம். விலை குறைவு. திரை பெரியது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நாளைய பயணத்தைத் திட்டமிடலாம். நடுக்கடலில் செல்பேசிச் சமிக்ஞை கிடைக்காதே என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டாம். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கருவியே கிடையாது. சிம் போடும் வகையில்தான் உண்டு. இது தெரியாமல் விலை குறைந்ததை வாங்கிவிட்டு, படகில் ஏறிய பிறகு விழிப்பவர்கள் உண்டு!

இனி டேப்லெட்டின் கஷ்டங்கள். திரையில் உப்புத் தண்ணீர் தெறித்தால் அது விரலா துளியா என்று அதற்குத் தெரியாது. வரைபடம் தானாகவே எங்கோ ஓடும். நல்ல வெயிலில் திரை மங்கலாகத் தெரியும். ஐபேடுக்கு ஆப்பிள் நிறுவனம் சொல்லும் வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். சூடு மிஞ்சினால், ஆறும் வரை வேலை செய்ய மாட்டேன் என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும். பாறைகளுக்கு நடுவே போகும்போது இப்படி நடந்தால்? யோசித்துப் பாருங்கள்.

சார்ட்பிளாட்டரோ வெயிலுக்கும் தண்ணீருக்கும் என்றே செய்தது. பல கருவிகளில் பொத்தான்கள் உண்டு. ஈரக் கையாலும் அழுத்தலாம். படகின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். ராடார், ஆழம் அளக்கும் கருவி, மற்றக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், தானியங்கிச் சுக்கான் என்று எல்லாவற்றையும் அதனுடன் இணைக்கலாம். குறை? விலை அதிகம், வரைபடத்துக்கும் தனிச் செலவு. படகின் மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது, தன் பேட்டரியில் ஓடும் டேப்லெட்தான். ஆக, இரண்டும் எதிரிகள் அல்ல. ஒன்றுக்கு ஒன்று துணை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இரண்டு கட்சியும் மறக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல 2014-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு வோல்வோ ஓஷன் ரேஸ் என்னும் உலகம் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில், கேப் டவுனிலிருந்து அபுதாபிக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. நவம்பர் 29 அன்று இரவு, வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு சுமார் 19 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 35 கிலோமீட்டரில், மொரீஷியஸுக்கு வடகிழக்கே ஒரு பவளத்திட்டில் மோதியது. படகில் 9 பேர். எல்லாரும் கைதேர்ந்தவர்கள். கருவிகளுக்கும் குறைவில்லை. மின்வரைபடத்தில் அந்தத் திட்டு இருந்தது. ஆனால் தூரக் காட்சியில் பார்த்தபோது, அது படகு தாராளமாகக் கடந்து போகக்கூடிய ஆழமுள்ள இடம் போலத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் திட்டு வெளிவரும்.

ஏன் அப்படி? முழு விவரத்தையும் ஒரே திரையில் கொட்டினால் எதுவும் புரியாது. எனவே காட்சியைச் சிறிதாக்கும்போது மென்பொருள் சில விவரங்களை மறைத்துவிடும். காகித வரைபடத்தில் இந்த வித்தை கிடையாது, அச்சிட்டது அச்சிட்டதுதான்.

அந்த இரவு முழுவதும் அலைகள் படகை அடித்து நொறுக்கின. போட்டியில் இருந்த இன்னொரு படகு, தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, அருகிலேயே துணைக்கு நின்றது. விடிவதற்கு முன் 9 பேரும் படகைக் கைவிட்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து திட்டின் வறண்ட பகுதிக்குப் போனார்கள். ஆழமான கடல் என்று நினைத்த இடத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்! நல்லவேளை, ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை.

2015-ல் வந்த விசாரணை அறிக்கை இரண்டு பக்கத்தையும் குறை சொன்னது. மின்வரைபடத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்றது. தூரக் காட்சியில் ஆபத்தைச் சரியாகக் காட்டாத வரைபடத்தின் மீதும் தவறு என்றது.

இதே ஆபத்து டேப்லெட்டிலும் உண்டு, சார்ட்பிளாட்டரிலும் உண்டு. ஒரே நிறுவனத்தின் வரைபடத்தைத்தான் பல நேரம் இரண்டிலும் போடுகிறார்கள். கருவிக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும், பெரிதாக்கிப் பார்க்கும் வேலையை அது தானாகச் செய்வதில்லை.

அதனால், பகலில் கரையை ஒட்டிப் போகிறவருக்கு, தண்ணீர் புகாத உறையில் போட்ட டேப்லெட் போதும். இரவில், கரை தெரியாத தூரத்தில் போகிறவருக்குச் சார்ட்பிளாட்டர் முதலில், டேப்லெட் இரண்டாவது. இரண்டு பேருக்கும் பொதுவான வேலை ஒன்றுதான். கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், போகும் வழி முழுவதையும் ஒருமுறை பெரிதாக்கி, ஓரம் முதல் ஓரம் வரை பார்த்துவிட வேண்டும்.

குளத்தில் குச்சியை விட்டுப் பார்ப்பது போலத்தான். திரை வந்த பிறகும் பழமொழி மாறவில்லை!