எங்கே எழுதினாய்?

எழுதியது நிலைக்க வேண்டும் என்பது மனிதனின் மிகப் பழைய ஆசை. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் செல்லும் வழியில் கீழ்வாலைப் பாறைகளில் யாரோ செங்காவியால் தீட்டிய உருவங்கள் இருக்கின்றன. வரலாறு எழுதத் தொடங்குமுன் தீட்டப்பட்டவை அவை; இன்றும் காணலாம். மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கோயில் எடுத்த செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்தான். ஏழாம் நூற்றாண்டின் அந்த எழுத்து இன்னும் அழியவில்லை. அதே மாவட்டத்தில், கண்டாச்சிபுரத்தில், நான் கணிப்பொறியில் எழுதிய கணக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை! அந்த வெட்கக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என் அம்மா எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர். தமிழ்நாட்டில் இத்தகைய குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவின. எங்கள் குழுவில் 16 பேர். ஞாயிறுதோறும் மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். ஆளுக்கு 100 ரூபாய் சேமிப்பு. கடன் வாங்கியவர்கள் தவணையும் வட்டியும் கட்டுவார்கள். தாமதமாக வந்தவர்களுக்கு 10 ரூபாய் அபராதம். எல்லாவற்றையும் அம்மா நீள நோட்டில் எழுதுவார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். கூட்டல் கழித்தல் பிசகாது. ஆனாலும் மாதக் கடைசியில் இரவு பதினொரு மணி வரை விளக்கடியில் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருப்பார்.

கணிப்பொறி அறிவியல் படிக்கும் மகள் வீட்டில் இருக்கும்போது தாய் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? தோழியிடம் இரவல் வாங்கிய மடிக்கணினியில், ஜாவா மொழியில், ஸ்பிரிங் பூட் என்னும் கட்டமைப்பைக் கொண்டு ஒரு சேமிப்புக் கணக்கு நிரல் எழுதினேன். இலவசமாகக் கிடைத்த மேகக் கணிமை இடமொன்றில் அதை ஏற்றினேன். அம்மாவின் கைப்பேசியில் திறந்தால் பதினாறு பெயர்களும் பழைய நிலுவையும் வரிசையாக வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பதிந்தேன். “பதிவு செய்யப்பட்டது” என்று பச்சை நிறத்தில் திரை சொன்னது. “இனிமேல் நோட்டை எடுத்துப் பரணில் போடும்மா” என்றேன் பெருமையாக. அன்று அம்மா நோட்டில் எழுதவில்லை.

அடுத்த ஞாயிறு திரையைத் திறந்தோம். பெயர்கள் இருந்தன. பழைய நிலுவை இருந்தது. போன வாரம் கட்டிய ஒரு காசையும் காணோம்.

திண்ணையில் ஒரு கணம் அமைதி. பிறகு கோடி வீட்டு ஆயா கேட்டார்: “இன்னாடி பாப்பா, நான் குடுத்த துட்டு எங்க போச்சி?” அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், மற்றவர்கள் அம்மாவைப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்காக ஒருவரும் சந்தேகித்து அறியாத முகம் அது. அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பரணிலிருந்து நோட்டை இறக்கினார். அந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்றிரவு வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதினோம். சேமிப்பு 1,600 ரூபாய். ஐந்து பேர் கட்டிய தவணையும் வட்டியும் 7,700. ஆக 9,300. திங்கட்கிழமை அம்மா வங்கியில் கட்டிய ரசீதோ 9,350 என்றது. ஐம்பது ரூபாய் எங்கிருந்து வந்தது? அம்மாதான் நெடுநேரம் யோசித்துச் சொன்னார்: “அன்னைக்கு அஞ்சு பேரு லேட்டா வந்தாங்கடி.” அபராதம் கட்டியதை மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை! கணக்கு நேரானது. பணம் போகவில்லை என்று குழு நம்பியது. என்னைத்தான் நம்பவில்லை.

மறுநாள் கல்லூரியில் எங்கள் பேராசிரியரிடம் முறையிட்டேன். நான் எழுதிய நிரலை எல்லாம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, “என்ன எழுதினாய் என்பது இருக்கட்டும். எங்கே எழுதினாய்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் அலைந்தேன்.

முதல் விடை: நினைவகத்தில். எச்-டூ என்னும் சிறு தரவுத்தளத்தைச் சேர்த்து, முகவரி ஒன்றும் தராமல் விட்டிருந்தேன். அவ்வாறு விட்டால் ஸ்பிரிங் பூட் தானாகவே நினைவகத்தில் ஒரு தரவுத்தளத்தை அமைத்துக்கொள்ளும். நிரல் ஓடும் வரை அதில் எழுத்து இருக்கும். நின்றால் சிலேட்டைத் துடைத்தது போலப் போய்விடும். இலவச இடமாகையால், சிறிது நேரம் யாரும் திறக்காவிட்டால் நிரல் உறங்க வைக்கப்படும். மறுபடி அழைத்தால் புதிதாக எழுப்பப்படும். பெயர்களும் பழைய நிலுவையும் நிரலோடு சேர்த்த கோப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் ஏறியதால் அவை மட்டும் தப்பின. மடிக்கணினியில் சோதித்தபோது நான் நிரலை ஒரு முறையாவது நிறுத்திப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

சரி, கோப்பில் எழுதுவோம் என்று முகவரியை மாற்றினேன். மடிக்கணினியில் நிறுத்தித் தொடங்கினேன், கணக்கு நின்றது. மேகத்தில் ஏற்றினேன், மீண்டும் மறைந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்தது. மேகத்தில் நிரல் ‘கண்டெய்னர்’ எனப்படும் ஒரு கூட்டுக்குள் ஓடுகிறது. தனியே நிலைவட்டு இணைக்காவிட்டால், அந்தக் கூட்டுக்குள் எழுதிய கோப்பு கூட்டோடு அழியும். ஒவ்வொரு முறையும் எழுந்து வருவது பழைய கூடு அன்று. அதே அச்சில் வார்த்த புதுக்கூடு. வாடகை வீட்டுச் சுவரில் பால் கணக்கு எழுதினால், வெள்ளையடிக்கும் நாளில் அதைக் கேட்க முடியுமா?

மூன்றாவதாக, நிரலுக்கு வெளியே தனியாக ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எழுதினேன். இனி அழியாது என்று மார்தட்டினேன். நிரலை மறுபடி எழுப்பினேன். அட்டவணைகள் வெறுமையாக நின்றன! இம்முறை ஊகிப்பதை விட்டு, நிரல் தொடங்கும்போது எழுதும் குறிப்புகளை வரிவரியாக வாசித்தேன். முதல் வரிகளிலேயே திருடன் அகப்பட்டான்: அட்டவணையை நீக்கு, அட்டவணையை உருவாக்கு. பழகும் நாளில் எங்கோ பார்த்து நகலெடுத்த ஒரு வரி அதற்குக் காரணம். ‘டிடிஎல் ஆட்டோ’ என்னும் அமைப்பில் ‘கிரியேட்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஹைபர்நேட் நான் சொன்னபடியே, ஒவ்வொரு முறை எழும்போதும் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டியது. அதை ‘வேலிடேட்’ என்று மாற்றினேன். அது சரிபார்க்கும், எதையும் தொடாது. அட்டவணையில் செய்ய வேண்டிய மாற்றங்களை ஃப்ளைவே என்னும் கருவியின் வழியே எண்ணிட்ட கோப்புகளாக எழுதலானேன்.

நான்காவது பிழை இன்னும் நுட்பமானது. தவணை கட்டினால் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: கடன் நிலுவை குறைய வேண்டும், ரொக்கக் கணக்கு கூட வேண்டும். இடையில் வேண்டுமென்றே ஒரு தடங்கலை உண்டாக்கிப் பார்த்தேன். கடன் குறைந்திருந்தது, ரொக்கம் கூடவில்லை. ‘ட்ரான்சாக்‌ஷனல்’ என்னும் குறியை நான் இட்டுத்தான் இருந்தேன். ஆனால் அந்தச் செயற்கூற்றை அதே வகுப்பின் இன்னொரு செயற்கூறு அழைத்தது. ஸ்பிரிங் வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத்தான் வாசலில் நின்று காக்கும். வீட்டுக்குள்ளே ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போவதைக் காவல்காரன் எப்படிக் காண்பான்? அந்தச் செயற்கூற்றை வேறு வகுப்புக்கு மாற்றியதும், இரண்டும் நடந்தன. அல்லது இரண்டும் நடக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தரவுத்தள நூல்கள் நான்கு இலக்கணங்களைக் கூறும். 1983-இல் ஹெர்டர், ராய்ட்டர் என்னும் இரு செர்மானிய அறிஞர்கள் அவற்றைத் தொகுத்துப் பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று நிலைப்பு: ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டால், அடுத்த நொடி மின்சாரம் போனாலும் அது முடிந்ததாகவே இருக்க வேண்டும். அதற்காகவே போஸ்ட்கிரெஸ், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் சேர்ந்த பிறகே ‘முடிந்தது’ என்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. அம்மா பணத்தை வாங்கியதும் முதலில் நோட்டில் எழுதுவார். கட்டியவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார். அதன் பிறகே பணத்தைப் பெட்டியில் போட்டு, “பதிஞ்சாச்சி, நீ போ” என்பார். என் நிரல் செய்தது என்ன? சிலேட்டில் எழுதிவிட்டுப் பச்சை நிறத்தில் பொய் சொன்னது. அந்தப் பொய்யை அதற்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

எல்லாம் முடிந்தபின் நகல் எடுக்கும் ஏற்பாடும் செய்தேன். “நகலிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்தாயா?” என்றார் பேராசிரியர். 2017 சனவரி 31 அன்று கிட்லாப் என்னும் உலகறிந்த நிறுவனத்தில் நடந்ததையும் சொன்னார். பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். நகலெடுக்கும் ஏற்பாடுகள் பல இருந்தன. தேவைப்பட்ட வேளையில் அவை கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகலே அவர்களைக் காத்தது. அவர்கள் அதை மறைக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். அன்று மாலையே வெறும் தரவுத்தளம் ஒன்றை அமைத்து, என் நகலை அதில் ஏற்றிப் பார்த்தேன். பதினாறு பேரும் தம் நிலுவையோடு வந்து நின்றார்கள். அதன் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டு மாதம் நோட்டும் நிரலும் சேர்ந்து ஓடின. ஞாயிறுதோறும் இரண்டையும் ஒப்பிட்டோம். ஒன்பதாவது வாரம் கோடி வீட்டு ஆயா தாமே கைப்பேசியை வாங்கி, “எம்பேரு எங்க, காட்டு” என்றார். காட்டினேன். “நோட்டுலயும் எழுதிட்டியா?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையசைத்தார். ஆயா நூறு ரூபாயை நீட்டினார்.

நோட்டு இன்றும் நிற்கவில்லை. கூட்டல் வேலையை நிரல் செய்கிறது. அம்மா பத்து மணிக்கு முன்பே உறங்கப் போகிறார். அவ்வளவுதான் என் சாதனை.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளை பெரிய பெரிய நிரல்கள் எழுதுவீர்கள். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் எழுதுவீர்கள். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று திரையில் போடுமுன், ஒரு முறை நிரலை நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள். நடுவில் தடுக்கி விழச் செய்து பாருங்கள். நகலிலிருந்து மீட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லை நம்பித் தம் பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவி, இளநிலை கணிப்பொறி அறிவியல்