அடுத்த நாள் எப்பிடி இருந்தது?

"ஏலாது" என்ற சொல்லை நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுறம்? வெயில் ஏலாது, அசைன்மென்ட் ஏலாது, பஸ்ஸில நிண்டு வர ஏலாது. அதனாலதான் எங்கட அறைச் சிநேகிதி "எனக்கு ஏலாமக் கிடக்கு" என்று சொன்னபோது நாங்கள் பெரிசா எடுக்கவில்லை.

அவளுக்கு டெங்கு வந்து மாறி நாலு மாசமாகியிருந்தது. பிளேட்லெட் எல்லாம் ஏறிவிட்டது. ஆனால் ஆள் தேறவில்லை. பத்து மணித்தியாலம் படுத்தெழும்பினாலும் நித்திரையே கொள்ளாத ஆள் மாதிரி இருப்பாள். குளித்துவிட்டு வந்து கட்டிலில் விழுவாள். ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். சில நாட்களில் எங்களோட கதைத்துச் சிரித்துக் கன்ரீன் வரைக்கும் நடந்தும் வருவாள். அதைப் பார்த்து, "விருப்பமான வேலை எண்டால் மட்டும் ஏலும் போல" என்று பகிடி பண்ணினோம். இப்ப நினைச்சால் வெட்கமாக இருக்கு.

மாறி மாறி அவளோட கிளினிக் போனோம். இரத்தம், தைரொயிட், ஈசிஜி எல்லாம் நோர்மல். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை, எக்ஸாம் ரென்சன். விடிய எழும்பி அரை மணித்தியாலம் நடவும், சரிவரும்" என்றார் டொக்டர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். வெளியில் அவ்வளவு சனம். எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிசம். நாங்களே அலாரம் வைத்து அவளை நடக்க இழுத்துக்கொண்டு போனோம். மூன்றாம் கிழமை அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அந்த செமஸ்டர் போய்விட்டது.

பிறகுதான் தேடி வாசித்தோம். இதற்கு எம்.ஈ. அல்லது குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம் என்று பெயர். பலருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தொடங்குகிறது. இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வேறு நோய்கள் இல்லையென்று பார்த்த பின், நோயாளியைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் என்ன கேட்க வேண்டும் என்று சுருக்கமாக எழுதிவைத்தது. ஆறு மாதத்துக்கு மேல் பழைய வேலைகளைச் செய்ய முடியாத களைப்பு, தூங்கியும் தேறாமை, சிறு உழைப்புக்குப் பிறகு எல்லாமே மோசமாவது. இவற்றோடு ஞாபகமும் கவனமும் குழம்புவது, அல்லது நிமிர்ந்து நிற்கும்போது கூடுவது. அதே அறிக்கை, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றின் பாடத்திட்டத்திலேயே இந்நோய் இருந்தது என்றும் சொன்னது.

இதில் "உழைப்புக்குப் பிறகு மோசமாவது"தான் முக்கியம். அது உடனே வருவதில்லை. பெரும்பாலும் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அடிக்கும். கிளினிக்குக்கு நடந்து வருகிறவளை டொக்டர் பார்க்கிறார். மறுநாள் விழுந்து கிடப்பவளை யாரும் பார்ப்பதில்லை.

1955இல் லண்டன் ரோயல் ஃபிரீ மருத்துவமனையில் இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் இப்படியொரு நோயில் விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்புகளை வைத்து அதை 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். கூடுதலாகப் பெண்கள் பாதிக்கப்பட்டதையும் ஒரு காரணமாகக் காட்டினார்கள். உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டி கைவிட்டதே 2021இல்தான். எங்கட அலாரமும் அந்தப் பழைய பாடத்தின் மிச்சம்தான்.

இந்த முறை வேறொரு டொக்டரிடம், ஒரு கொப்பியோடு போனோம். இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாளும் என்ன செய்தாள், அடுத்தடுத்த நாள் எப்படி இருந்தாள் என்று எழுதியிருந்தோம். "உண்மையைச் சொன்னால் எங்களுக்கு இதை ஒரு லெக்சரிலயும் படிப்பிக்கேல்லை" என்றா அந்த டொக்டர். ஆனாலும் கொப்பியை வாசித்தா. அவளைப் படுக்கவைத்து நாடி பார்த்தா, பிறகு சுவரில் சாய்ந்து பத்து நிமிசம் நிற்கவைத்து நிமிசத்துக்கு நிமிசம் பார்த்தா. 76இல் இருந்தது 112க்கு ஏறியது. "நீர் சொல்லுறது உண்மைதான் பிள்ளை. நடக்கிறதை இப்ப நிப்பாட்டும்" என்றா. வெளியில் வந்து எங்கட ஆள் அழுதாள். நாங்களும்தான்.

சுகமாக்கும் மருந்து இன்னும் இல்லை. களைக்க முதலே நிறுத்தப் பழகுகிறாள். நாங்களும் அவளின் வேகத்துக்கு நடக்கப் பழகுகிறோம்.

இதை வாசிக்கிற உங்களில் மருத்துவபீடத்தில், தாதியர் கல்லூரியில் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். நாளைக்கு ஒரு ஆள் எல்லா ரிப்போர்ட்டும் நோர்மலோடு வந்து "ஏலாது" என்றால், "அடுத்த நாள் எப்பிடி இருந்தது?" என்று ஒருக்கால் கேளுங்கோ. அந்த ஐந்து நிமிசத்துக்குள் அதைக் கேட்க நேரம் இருக்கு.