கப்பலில் வந்தவை

பாலக்காட்டுக் கணவாய் கடந்து வந்து மட்டாஞ்சேரியில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தார்க்கு 'அயல் பண்பாடு' என்னும் சொல் எளிதில் அச்சம் தருவதில்லை. இங்குள்ள டச்சு அரண்மனையை 1555 அளவில் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்தோர் போர்த்துகீசியர். பின்னர் வந்த டச்சுக்காரர் செப்பனிட, பெயர் அவர்களுக்காயிற்று. உள்ளே சுவர்களிலோ இராமாயண ஓவியங்கள்! எது நமது, எது பிறரது என்று இவ்வூரில் வழக்காடத் தொடங்கினால் மாலைக்குள் முடியாது.

அந்த டச்சுக்காரரின் நாடாகிய நெதர்லாந்துதான் 2001 ஏப்ரலில் உலகிலேயே முதன்முதலாக ஒருபாலார் திருமணத்தைச் சட்டமாக்கியது. 'இது மேனாட்டுச் சரக்கு' என்று நம்மவர் உரைப்பது அதனாற் போலும். ஆனால் அவ்வுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவும் 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய சட்டத்தில் வந்ததன்றோ! 2018 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே, தம் நாடு காமன்வெல்த் நாடுகளில் விதைத்த அத்தகைய சட்டங்களுக்காக வருந்துவதாகக் கூறினார். அவ்வாண்டு செப்டம்பர் 6-இல் நம் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது.

நாடுகளின் பிணக்கில் இவ்வுறவு பகடைக்காயானதும் உண்டு. 2013 டிசம்பரில் நம் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே நியூயார்க்கில் கைதானார். அதற்கு முந்தைய நாள்தான் உச்ச நீதிமன்றம் 377-ஐ மீண்டும் நிலைநிறுத்தியிருந்தது. சினமுற்ற முன்னாள் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்கா, இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரிகளின் ஒருபால் துணைவரைச் சிறையிடலாமே என்றார். அவமதிப்புக்கு விடை தேடியவர் கைக்கு எட்டியது, அதில் எப்பங்கும் இல்லாதவரின் இல்வாழ்வு!

2020-இல் கேரளத்து இணையர் இருவர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் தமக்கும் இடம் வேண்டிக் கொச்சியிலுள்ள உயர்நீதிமன்றத்தை நாடினர். அவர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தவரல்லர். 2023-இல் மத்திய அரசு, கணவன், மனைவி, மக்கள் என்பதே இந்தியக் குடும்பம் என உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டது. (அரசின் உப்பை உண்பவன் இதற்குமேல் உரைத்தல் முறையன்று.) அக்டோபர் 17-இல் ஐவர் ஆயம், இது நாடாளுமன்றத்தின் வேலை என ஒதுங்கியது.

நம் பிள்ளைகள் பலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். அங்கே ஒருபாலார் மணம் முறையே 2005, 2017 முதல் நாடு முழுதும் செல்லும். அங்கு மணந்தவர் நெடும்பாசேரியில் இறங்கியதும் நம் சட்டத்தின்முன் மணமாகாதவர்!

படிவங்களோடு பழகுவதே என் பிழைப்பு. குடும்ப ஓய்வூதியம் நாம் விரும்பியவர்க்கு எழுதி வைப்பதன்று. விதி குடும்பத்தார் என எண்ணுவோர்க்கே உரியது. இருபதாண்டு உடன் வாழ்ந்து, நோயில் கஞ்சி புகட்டியவர் ஒருபால் துணைவராயின், அங்கே அவர் யாருமல்லர். 2024-இல் இத்தகையோர் கூட்டு வங்கிக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என அரசு தெளிவுறுத்தியது. ரேஷன் அட்டையிலும் ஒரே இல்லத்தாராகக் கொள்ளுமாறு மாநிலங்களுக்கு எழுதிற்று. ஓய்வூதியப் படிவத்தின் 'குடும்ப விவரம்' மட்டும் பழையபடியே இருக்கிறது.