தெருப்பெயர் இல்லாத வீடு

கேமரன் மலைக்கு 1929-லேயே தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது. அக்கா குடியிருக்கும் லயத்துக்கு மட்டும் இன்னும் தெருப்பெயர் வரவில்லை. இணையச் சேவை நிறுவனத்தின் கணினியிலோ தெருப்பெயர் இல்லாமல் விண்ணப்பம் நகராது. “உங்கள் முகவரி பட்டியலில் இல்லை” என்பதை ஏழு முறை கேட்டாயிற்று. இதற்கிடையில் எஸ்.பி.எம். எழுதப்போகும் அக்கா மகள், பாடக் காணொளி பார்க்க இருட்டில் கோயில் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சிம் அட்டை போடும் ரூட்டர் வாங்கினோம். அதுவும் திணறியது.

“அடுப்படி ரேடியோவுல உன் குரல் கணீர்னு கேக்குதே தம்பி, இந்தப் பெட்டிக்கு மட்டும் என்னவாம்?” என்றார் அக்கா.

நியாயமான கேள்வி. எங்கள் பண்பலை அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். மேடு பள்ளங்களை ஓரளவு வளைந்து கடந்துவிடும். கைப்பேசி அலை சாண் கணக்குதான். குன்று மறைத்தால் தேயும், தகரக் கூரையில் பட்டால் திரும்பிவிடும். அலமாரியில் இருந்த ரூட்டரைக் கோபுரம் உள்ள திசை ஜன்னலுக்கு மாற்றினோம். பின்னறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லை, 2.4 சுவர் தாண்டியது.

நிறுவனத்திடம் புகார் எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் புகார் அந்த எண்ணோடும் தோட்ட நிர்வாகத்தின் முகவரிக் கடிதத்தோடும் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போயிருக்கிறது. மாலையில் லயமே கைப்பேசியும் கையுமாக உட்கார, வேகம் படுத்துவிடுகிறது. பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிறாள்.